பயன்பாட்டில் இல்லாத கரை

பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகரும் அண்ணியின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பறி என்பது பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. இரண்டு கைகளும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவி இறாலைத் தேடிக்கொண்டிருக்கும். அகப்பட்டதைப் போடக் கூடை முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை யாருக்கும் இல்லை, ஆகவே பல். அந்தக் கோலத்தில் பேச முடியாது. கரையிலிருந்து நான் கூப்பிட்டால் அண்ணி புருவத்தை மட்டும் தூக்கி, என்ன என்று கேட்பார். பதினைந்து இருபது பெண்கள் அப்படி வரிசையாக, வாய் பேசாமல், உப்பங்கழியின் இந்தக் கரையோரமாக நகர்ந்து போவதை நான் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதிக் கொடுத்தது வேறு.

அண்ணி பிறந்து வளர்ந்தது மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, கழியை ஒட்டிய ஒரு காலனியில். நாங்கள் செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அண்ணன் மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு வேன் ஓட்டப் போனவர், கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியின் ஊரிலேயே வீடு போட்டுக்கொண்டார். வாரக் கடைசியில் நான் அங்கேதான் கிடப்பேன். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று நான் முதுகலைக்குச் சேர்ந்தபோது, தங்கச்சி பார்க் கட்டுகிற படிப்பு படிக்கிறது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். செடி நடுவதற்கு எதற்கு இரண்டு வருஷம் என்று அண்ணிக்கு ஒரே சிரிப்பு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. மழைத்தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, வெயில் எப்போது எங்கே விழுகிறது, ஒரு நிலத்தில் யார் யார் எதற்காக நடக்கிறார்கள், இதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் அதில் ஒரு கல்லையாவது வைக்கலாம், அதற்குத்தான் இந்தப் படிப்பு என்று பெருமையாக விளக்கினேன். அண்ணி கேட்டுக்கொண்டே இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பருவத்தில் ஸ்டுடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பின் வேலைக்காக எங்களுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். கழிக்கரையில் ஒரு துண்டு. அங்கே ஒரு பூங்காவைத் திட்டமிட வேண்டும். பலகையில் வரைபடத்தை ஒட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அண்ணி இறங்கும் கரை. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்து, சார், இது எங்கள் ஊர், எனக்கு இதன் மூலை முடுக்கெல்லாம் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள். வகுப்பில் ஒருவனுக்கு முந்தின பருவத்தில் அச்சரப்பாக்கம் பக்கம் அவன் மாமாவின் தோப்பே இடமாக அமைந்தது. அவன் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்பவர்கள் அடுத்தாற்போல் எந்தத் தெரு என்று கேட்பார்கள், பதில் கிடைத்ததும் குரல் ஒரு சுற்று மாறும். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த மாற்றத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். கல்லூரியில் நான் செங்கல்பட்டு, அவ்வளவுதான்.

கள ஆய்வு ஒரு திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும். ஞாயிறு இரவு நான் அண்ணி வீட்டில்தான் தூங்கினேன். திங்கள் விடியற்காலை அண்ணி பறியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினார், நான் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். ஏன்? கல்லூரிப் பஸ்ஸில் ஏறி, மற்றவர்களோடு சேர்ந்து, அதே கரைக்குத் திரும்பி வருவதற்காக. படுத்து எழுந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்துக்கு, நான் அந்தப் பக்கமே வராதவள்போல் வந்து இறங்க வேண்டும் என்பதற்காக இரண்டு பஸ் மாறினேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. பஸ் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. மாலை நான்கு மணிக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும், அதற்குமேல் ஓட்டுநருக்கு வேறு டிரிப்.

இந்தப் பத்துக்கும் நாலுக்கும் நடுவில்தான் எல்லா அநியாயமும் நடந்தது. கழியில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் கடல் பார்த்துச் செய்கிற வேலை, கல்லூரி பார்த்து அல்ல. பெண்கள் தண்ணீர் இறங்குகிற நேரத்துக்கு வருவார்கள், ஏறினால் போய்விடுவார்கள். அந்த வாரம் தண்ணீர் இறங்கியது விடியற்காலையிலும், மறுபடி பொழுது சாயும் நேரத்திலும். நாங்கள் குடையும் தொப்பியுமாகக் காத்திருந்த ஆறு மணி நேரமும் கழி நிரம்பித் தளதளவென்று கிடந்தது. எங்கள் கையில் ஒரு படிவம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். நடைப்பயிற்சி, உட்காருதல், விளையாட்டு, பறவை பார்த்தல், பிற. எந்த நாட்டுப் பூங்காவுக்காக யார் தயாரித்த படிவமோ தெரியாது. குழுவில் ஐந்து பேர், என் எழுத்து அச்சுக்கோத்ததுபோல் இருக்கும் என்பதால் நிரப்பும் வேலை எனக்கு. இரண்டு நாளில் ஓர் ஆடு மேய்ப்பவரும், செல்போனில் பேச ஒதுங்கிய ஒருவரும், ஒரு நாயும் வந்தார்கள். கரையோரம் என்ற வரிசையில், பயன்பாடு இல்லை என்று நான் எழுதினேன். இரண்டு நாளுக்கும், எல்லாக் கட்டத்திலும், அழகாக, ஒரே அளவு எழுத்தில்.

அதற்கு நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஆசைதான், ஆனால் சொல்லாவிட்டால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. கருவேல மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். என் டப்பாவில் அண்ணி கட்டிக் கொடுத்த இறால் தொக்கு. சனிக்கிழமை அதே கரையில், நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, அண்ணி தடவிப் பிடித்தது. வாசனை வந்ததும் எல்லார் கையும் என் டப்பாவுக்குள். இரண்டு நிமிஷத்தில் அடிமசாலாவைச் சோற்றில் போட்டுப் பிரட்டித் துடைத்துவிட்டார்கள். இவ்வளவு இனிப்பான இறாலை எங்கே வாங்கினாய், மாமல்லபுரத்து மார்க்கெட்டிலா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், மார்க்கெட்டில்தான் என்றேன். விரலை நக்கிக்கொண்டே ஒருவன் கழியைப் பார்த்து, இந்தச் சேறு என்ன நாற்றம் நாறுகிறது, இதைச் சுத்தம் செய்தாலே பாதித் திட்டம் முடிந்தது என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து, இரண்டு மணிக் கட்டத்தில் பயன்பாடு இல்லை என்று எழுதினேன்.

இன்னொன்று. அதே பருவத்தில் வேடந்தாங்கலுக்கும் எங்களைக் கூட்டிப்போனார்கள், ஏரியும் பறவையும் பார்க்க. பறவைகள் கூட்டை விட்டு இரைக்குக் கிளம்புவதைப் பார்க்க வேண்டுமாம். ஆகவே தனியாகச் சொல்லிவைத்து, விடியற்காலை நான்கரைக்கே பஸ் கிளம்பியது. ஸ்டுடியோ சார் தொலைநோக்கியோடு முன்சீட்டில் உட்கார்ந்து, நாரை எப்போது வரும், கொக்கு எப்போது போகும், அதனதன் நேரத்துக்குத்தான் நாம் போக வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தார். நல்ல பாடம், குறையே சொல்ல மாட்டேன். கொக்குக்காக நான்கரைக்குக் கிளம்பத் தெரிந்த பஸ், மனுஷிக்காகப் பத்து மணிக்குத்தான் வரும் என்பது அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. உறைத்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பருவ முடிவில் ஜூரி. வரைபடங்களைச் சுவரில் குத்திவைத்து நிற்போம், வெளியிலிருந்து வரும் நடுவர்கள் கேள்வி கேட்டுக் கிழிப்பார்கள். எங்கள் குழுவின் திட்டத்தில் கரை நெடுகிலும் கல் பாவிய நடைபாதை, உட்காரப் படிகள், கைப்பிடிக் கம்பி. பார்க்க மிக அழகு. வந்தவர்களில் வயதான ஒரு நடுவர் வரைபடத்துக்கு மிக அருகே போய்ப் பார்த்தார். இந்தக் கழியில் பெண்கள் இறங்கி ஏதோ பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்ட ஞாபகம், அப்படி யாரும் இங்கே வருவதில்லையா என்று கேட்டார். கடவுளே இறங்கி வந்து வாய்ப்புக் கொடுத்ததுபோல் ஒரு கேள்வி. ஸ்டுடியோ சார் என்னைப் பார்த்தார், படிவம் நிரப்பியவள் நான்தானே. என் வாயில் பறி ஏதும் இல்லை. இல்லை சார், இரண்டு நாள் பார்த்தோம், யாரும் வரவில்லை என்றேன். அவர் சரி என்று அடுத்த தாளுக்கு நகர்ந்தார். அந்தப் பருவத்தில் எங்களுக்குத்தான் முதல் மதிப்பெண்.

பிறகு பட்டம், சென்னையில் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மாடியில் புல்வெளி வரைந்துகொண்டு சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு நாள் அண்ணன் போன் செய்து, கரையில் பார்க் கட்டி வேலி போட்டுவிட்டார்கள், பொம்பளைகளை இறங்க விடவில்லை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கல் பாவிய நடைபாதை. உட்காரப் படிகள். கைப்பிடிக் கம்பிக்குப் பதிலாக ஆளுயர வேலி. நாங்கள் காகிதத்தில் போட்ட வளைவுகூட அப்படியே இருந்தது. சரிவாக இருந்த சேற்றுக்கரையை வெட்டி நேர்ச்சுவராக எழுப்பியிருந்தார்கள். இறால் ஒதுங்குவதே அந்தச் சரிவில்தான், நேர்ச்சுவரில் அதற்கு என்ன வேலை. கதவில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று பலகை, பக்கத்தில் நீரில் இறங்காதீர் என்று இன்னொன்று. உள்சுவரில், தலையில் கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண்ணின் பெரிய ஓவியம், பண்பாடாம். உயிருள்ள பெண்களைத் துரத்திவிட்டுச் சுவரில் பெண்ணை வரைந்து வைக்கிற இந்தப் புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ. அண்ணியும் மற்றவர்களும் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறார்கள். அங்கே சேறு தொடைவரை இழுக்கிறது, உடைந்த பாட்டில்கள் வேறு. அண்ணியின் இரண்டு உள்ளங்கைகளிலும் வெட்டுக்காயம்.

வேலியைப் பற்றிக் கேட்கப் பெண்கள் சேர்ந்து சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தார்களாம். அங்கே இருந்தவர் ஒரு தடித்த அறிக்கையைப் பிரித்து, இந்தக் கரையை யாரும் பயன்படுத்தவில்லை என்று காலேஜ்காரர்கள் ஆய்வு செய்தே எழுதியிருக்கிறார்கள், பாருங்கள் என்று ஒரு பக்கத்தைக் காட்டியிருக்கிறார். எங்கள் ஸ்டுடியோ சார் அந்தத் திட்டத்துக்கு ஆலோசகர். எங்கள் படிவத்தை அப்படியே நகல் எடுத்துச் சேர்த்துவிட்டிருந்தார். அண்ணி எட்டாவது வரை படித்தவர். பக்கத்தின் மூலையில் ஆய்வு செய்தவர்கள் என்று இருந்த ஐந்து பெயரையும் நின்று படித்திருக்கிறார். என்னிடம் அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நான் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்.

“அந்த ஆபீஸ் காயிதத்துல இல்ல, இல்லன்னு எழுதிகீதே, அது உன் எழுத்தா பாப்பா?”

“ஆமா அண்ணி.”

“அப்டி எழுதச் சொல்லி யார்னா மிரட்னாங்களா?”

“இல்ல அண்ணி. யாரும் ஒண்ணும் சொல்லல.”

அண்ணி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். உள்ளங்கைக் கட்டு நனையாமல் விரல் நுனியால் கழுவினார். நான் எழுந்துபோய் வாங்கிக் கழுவியிருக்க வேண்டும், அதற்குக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாளே ஸ்டுடியோ சாரைப் போய்ப் பார்த்தேன். பிரியமாக வரவேற்றார், டீ வரவழைத்தார். அந்தப் படிவம் தவறு, நாம் போன நேரம் தவறு, எனக்கு அப்போதே தெரியும், திருத்தி எழுதித் தருகிறேன், அலுவலகத்தில் கொடுங்கள் என்றேன். அவர் அதிர்ந்தெல்லாம் போகவில்லை. அது வெறும் வகுப்புப் பயிற்சிதானேம்மா, மாணவர்கள் செய்ததைப் போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார்களா என்று சிரித்தார். அறிக்கையில் சேர்க்கிறபோது அது ஆய்வு, திருத்த வந்தால் வகுப்புப் பயிற்சியா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவிட்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தான் பார்க்காதது அங்கே இல்லை என்று நம்புகிறவர். ஒரு கெட்டவரிடம் சண்டை போட்டாவது பார்க்கலாம். இவரிடம் எதைக் கொண்டுபோய் முட்டுவது?

அதற்கடுத்த வாரத் திங்கட்கிழமை, செங்கல்பட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். அண்ணியும் காலனிப் பெண்கள் ஆறு பேரும் நானும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் நான்தான் பேசினேன். இந்த அறிக்கையில் உள்ள படிவத்தை எழுதியவள் நான், அது பொய், இந்தப் பெண்கள் தண்ணீர் இறங்கும் நேரத்தில் தினமும் அங்கே இறங்குகிறவர்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பார்த்தும் மறைத்தேன் என்றேன். ஜூரியில் சொல்லியிருக்க வேண்டியதை, அத்தனை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம், பின்னால் நூறு பேர் நிற்கும்போது சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அதைக் குறை சொல்ல முடியாது. பட்டப்படிப்பெல்லாம் விசாரித்தார், குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. கடைசியாக, இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, இவர்கள் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

“இவங்க என் அண்ணி சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். சொந்தக்காரர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதம்மா, நாளைக்குக் கேள்வி வரும், ஏற்கெனவே இருப்பது நடுநிலையான ஆய்வு, அதை மாற்ற வேண்டுமென்றால் அதேபோல் சம்பந்தமில்லாதவர்கள் யாராவது எழுதித் தர வேண்டும் என்றார். அதுவரை பின்னால் நின்ற அண்ணி முன்னால் வந்து மேசை விளிம்பில் கட்டுப்போட்ட கையை வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“இன்னா சார் ஞாயம் இது? அண்ணின்றத மறைச்சு எழுதுச்சு, அது செல்லுது. இப்ப அண்ணின்னு தெரிய வந்து உண்மைய சொல்லுது, அது செல்லாதா?”

அதிகாரி எங்கள் மனுவில் ஒரு முத்திரை குத்தி ஓரமாக வைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. தாலுகா, மாவட்டம் என்று அந்த வளாகம் முழுக்க ஆள் நடமாட்டம். அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த திங்கக்கெழமையும் வரணும் பாப்பா, லீவு சொல்லி வச்சிக்கோ என்றார்.

அடுத்த திங்கட்கிழமையும் போனோம். அதற்கடுத்ததற்கும் போனோம். வேலி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனுவை நான்தான் எழுதுகிறேன், அதே அச்சுக்கோத்த எழுத்தில். அண்ணி அதிகாரியிடம் கேட்ட கேள்விதான் அதன் முதல் வரி. அலுவலகத்தில் தரும் மனுத்தாளின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே என்ன படித்திருக்கிறேன், என்ன வேலை என்று எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நான் பட்டத்தை எழுதுவதில்லை. நாத்தனார் என்று எழுதுகிறேன்.